விரல் வைக்கவும்

விரலை வைத்ததும் சர்வர் அறைக் கதவோரம் இருக்கும் பெட்டி வழக்கம்போலப் பெண்குரலில் "தேங்க் யூ" என்றது. ஆனால் சின்னத் திரையில் இளங்கோ என்று வரவேண்டிய இடத்தில் மாதவன் என்று வந்தது. இளங்கோ விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் தேங்க் யூ, மறுபடியும் மாதவன். பூட்டுக்கு இதைப் பற்றிக் கவலையில்லை, கடக்கென்று திறந்துகொண்டது. பெட்டிக்கும் ஞாயிற்றுக்கிழமை மந்தம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.

நெருப்பெரிச்சல் பக்கம் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவன் ஒருவன்தான் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு வந்தது முதலாளி முருகவேலின் வாயால் வந்த வினை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட்டுக்கு வரப்போகும் அம்மாவிடம் அவர் போனிலேயே அளந்துவிட்டிருந்தார். எங்கள் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு விக்கி இருக்கிறது, மெஷின் ஓட்டும் முறை, தீப்பிடித்தால் ஓடும் வழி எல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது, எந்தத் தொழிலாளியும் டோக்கன் நம்பரைப் போட்டுத் தமிழிலோ இந்தியிலோ படிக்கலாம், திருத்தவும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த அம்மா திங்கள் காலை வருகிறார். பொய்யை ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையாக்கும் பொறுப்பு இளங்கோ தலையில் விழுந்தது.

அவனுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு சாயங்காலம் இருந்தது. மனைவி தேவிப்பிரியாவின் அம்மா அவிநாசியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ராத்திரி துணைக்குப் படுக்கத் தேவிப்பிரியா போயாக வேண்டும். போகிற வழியில் பாப்பாவைக் கம்பெனி கேட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. "நாலு மணிக்கு நீங்க கேட்டுல நிக்கோணும். வாட்ச்மேன்கிட்ட எல்லாம் விட்டுட்டுப் போக என்னால ஆவாது" என்று காலையில் சொன்னவள், அவன் வண்டியை எடுக்கும்போது இன்னொரு முறையும் சொன்னாள். அவன் பாப்பாவின் தலையில் கையை வைத்து, நிற்பேன் என்றான். பாப்பா தன்ஷிகாவுக்கு நாலு வயது. பன்னிரண்டாவது ஃபெயிலாகி, டிப்ளமோ எழுதி, மூன்று கம்பெனி மாறி, தட்டுத் தடுமாறி வந்த அவன் வாழ்க்கையில் கோணாமல் நேராக அமைந்த ஒரே காரியம் அந்தக் குழந்தைதான். அவனே அப்படிச் சொல்லுவான்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரும்புக்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி மட்டும் உண்டு, அதற்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் நிட்டிங் ஹால் தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் பார்ப்பவர் முகம்தான் தெரியும். ஒருமுறை அறையிலிருந்து ஹார்டு டிஸ்க் திருட்டுப் போனதிலிருந்து உள்ளே வரவும் விரல் வைக்கவேண்டும், வெளியே போகவும் விரல் வைக்கவேண்டும். கரண்ட் போனாலும் திறக்காத பூட்டாக முதலாளி பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார். செல்போன் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் போய்விடும். அறையிலிருந்து வெளியுலகத்துக்குப் பேச கேட்டு வரைக்கும் போகும் இன்டர்காம் ஒன்றுதான்.

வேலையைத் தொடங்கினான். விக்கி மென்பொருளை இறக்கி, சர்வரில் விரித்து, பிரவுசரில் முகவரியைத் தட்டினான். வெள்ளைப் பக்கம் வந்தது. இந்தத் தொழிலில் இதைவிடக் கொடுமையான பதில் கிடையாது. எரர் என்று திட்டினாலாவது என்ன தப்பு என்று தேடலாம், வெள்ளைப் பக்கம் வாயே திறக்காது. சர்வரின் எரர் லாகைத் திறந்து பார்த்ததில் பிஹெச்பி பழையது என்று இருந்தது. புதியதைப் போட்டான். பிறகு ஏதோ ஒரு துணை நிரல் இல்லை என்றது, அதையும் போட்டான். பிறகு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்றது, கொடுத்தான். ஒவ்வொன்றாக அவிழ்க்க அவிழ்க்க வெளியே சிமெண்ட் ஷீட்டின் மேல் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. வாரம் முழுக்கக் காதைப் பிளக்கும் நிட்டிங் மெஷின்கள் வட்டவட்டமாக ஓய்ந்து நிற்க, ஆயில் வாசனையும் ஹாலில் எப்போதும் மிதக்கும் பஞ்சின் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்து ஏசியின் குளிரோடு கலந்து அவன் தொண்டையில் உட்கார்ந்தன.

கடைசியில் இன்ஸ்டால் பக்கம் எழுந்து வந்தது. முதல் நிர்வாகியின் பெயரைக் கேட்டது. தொழிலாளிகள் டோக்கன் நம்பரில் நுழையவேண்டும் என்பதால் கதவுப் பெட்டி பார்க்கும் அட்டென்டன்ஸ் டேட்டாபேஸையே விக்கிக்கும் இணைத்திருந்தான். இளங்கோ என்று அடித்து, தன் டோக்கன் நம்பரைப் போட்டான்.

இந்த டோக்கன் மாதவனுடையது என்று சிவப்பில் வந்தது.

அந்தப் பெயர் எங்கேயிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். முருகவேல் சாயப்பட்டறையிலிருந்து மேலே வந்தவர். துணியில் நிறத்தின் சேடு தப்பினால் எங்கே தப்பியது என்று ஆராய்ந்துகொண்டு நிற்கமாட்டார், கறுப்பில் முக்கி எடுத்துவிடச் சொல்லுவார். பழைய நிறம் அடியில் எங்கேயும் போகாமல் அப்படியேதான் இருக்கும். அந்தப் பழக்கம் ஆபீசுக்கும் வந்திருந்தது. அட்டென்டன்ஸ் சாஃப்ட்வேருக்கு இத்தனை பேர்தான் என்று லைசென்ஸ், கூடப் போனால் செலவு. அதனால் ஒருவர் வேலையை விட்டால் அவருடைய பதிவை அழிப்பதில்லை, புதிதாக வருகிறவரை அதன்மேலேயே எழுதிவிடுவார்கள். இளங்கோவை எழுதியது மாதவனின்மேல்.

மாதவன் இதே நாற்காலியில் இருந்தவன், சோமனூர்க்காரன். ஒரு நாள் திடீரென்று வேலைக்கு வரவில்லை, துபாய் போய்விட்டான் என்று பேச்சு. அவனுடைய அம்மா கொஞ்ச நாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டு, பிறகு வரவில்லை. எச்ஆரில் இருக்கும் ஜெயபாரதி, இளங்கோ சேர்ந்த அன்று விரலைப் பதியும்போது சிரித்துக்கொண்டே சொன்னது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. "அவரு உள்ள வந்ததுக்கு விரல் வச்ச பஞ்ச் இருக்குதுங்க, வெளிய போனதுக்கு இல்ல. ஆடிட்டுல கேட்டா என்னன்னு சொல்றது? அதான் அவரு மேலயே உங்களப் போட்டாச்சு." அன்றைக்கு அவனும் சிரித்தான். வேலை கிடைத்த சந்தோஷம்.

மணியைப் பார்த்தான். மூன்று தாண்டியிருந்தது. எரிச்சலும் அவசரமுமாக, இந்தக் கம்பெனியின் முறைப்படியே ஒரு முடிவு எடுத்தான். ஆராய வேண்டாம், மாதவனை அழித்துவிட்டுத் தன்னைப் புதிதாகப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. கட்டளையை அடித்து என்டரைத் தட்டினான்.

அவன் முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கம், பெட்டி "தேங்க் யூ" என்றது.

பூட்டு கடக்கென்று திறந்தது. பிறகு கடக்கென்று மூடியது. அவன் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது, அறையில் யாரும் இல்லை. ஆனால் காற்று மாறியிருந்தது. ரொம்ப நாள் மூடிவைத்த டிபன் பாக்ஸைத் திறந்தாற்போல் புளித்த தயிர்சாத வாசனை மெல்ல எழுந்து, அவனைக் கடந்து, கதவை நோக்கிப் போய் அங்கேயே அற்றுப்போனது. பதிவை அழித்ததால் பெட்டி குழம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே பயமாக இருந்தது.

ஹாலில் ஒரு சத்தம். நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர்கள் கையாலேயே மெதுவாகச் சுற்றுவார்கள், ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக டிக், டிக், டிக் என்று ஏறி இறங்கும். அந்தச் சத்தம்தான். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். மெஷின்கள் நின்றுகொண்டிருந்தன. நடு வரிசையில் ஒன்று மட்டும் அப்போதுதான் சுற்றி நின்றதுபோல் நூல்கள் லேசாக ஆடின.

போதும், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, பாப்பா வரும்வரை கேட்டிலேயே நின்றுவிடலாம், மிச்சத்தைக் காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விரலை வைத்தான்.

பதிவு இல்லை என்றது பெட்டி.

அழித்த பதிவின்மேல்தானே தன்னையும் எழுதியிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் மடத்தனத்தை நொந்துகொண்டே ஓடிப்போய்க் கையாலேயே தன் பெயரைப் புதிதாக எழுதிச் சேர்த்தான். மறுபடி விரலை வைத்தான். பெட்டி இந்தமுறை கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது. இளங்கோ வெளியே சென்றுவிட்டார்.

இன்டர்காமை எடுத்தான். கேட்டில் இருக்கும் அப்புசாமி வயதான மனிதர், மரியாதை தெரிந்தவர். இவனை ஒரு நாளும் தம்பி போடாமல் கூப்பிட்டதில்லை.

"அப்புசாமியண்ணா, நான் இளங்கோ பேசறனுங்க. சர்வர் ரூம்ல மாட்டிக்கிட்டேன், மொதலாளிக்குப் போன் போட்டு..."

"யாருங்க?" என்றது அப்புசாமியின் குரல். "இளங்கோ தம்பி இங்கதானுங்க டீ குடிச்சிட்டு நிக்கிறாரு. நீங்க யாருங்க உள்ளாற?"

அந்தப் பக்கம் டீ கிளாஸை ஜன்னல் கட்டையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அவனுடைய செருமல். முப்பத்தாறு வருஷமாக அவன் செருமிக்கொண்டிருக்கும் செருமல். கத்தினான். அண்ணா, அது நான் இல்லைங்க, நான் இங்கே இருக்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினான். லைனில் வெறும் இரைச்சலாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டு அப்புசாமி போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் ஒழுங்கில்லாத காரியங்கள். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தான், நாற்காலிதான் உடைந்தது. கதவோரம் அவசரத்துக்கு என்று பச்சைப் பெட்டி ஒன்று உண்டு. அதை உடைத்தால் உள்ளே ஒயரே இல்லை, போன ஆடிட்டில் போட்டோ எடுப்பதற்காக மாட்டியது. பேக்கப்பைத் தேடினான், அது மாசக்கணக்கில் ஓடவேயில்லை. இரும்பைத் தோளால் இடித்தான். தோள் வலித்தது. கதவு அசையவில்லை. அவனுக்குத் தன் உயிரைப் பற்றிய நினைப்பு இல்லை. நாலு மணி. நாலு மணி. தேவிப்பிரியா ஸ்கூட்டரை நிறுத்துவாள். பாப்பாவை இறக்குவாள். கேட்டில் நிற்கிறவனிடம் கொடுப்பாள்.

இன்டர்காம் அடித்தது.

பாய்ந்து எடுத்தான். யாரும் பேசவில்லை. போன் தவறி விழுந்து திறந்துகொண்டதுபோல் தூரத்தில் கேட்டுச் சத்தங்கள். ஸ்கூட்டர் ஒன்று கிளம்பிப் போனது. அப்புசாமி கொஞ்சிக்கொண்டிருந்தார். "ஏங் கண்ணு இப்படி ஒட்டாம நிக்கற? அப்பா கூப்புடறாங்கள்ல. போ சாமி, போ."

பாப்பாவின் சத்தம் இல்லை. பயந்தால் அவள் அழமாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அது தெரிந்தவன் இந்தப் பக்கம் இருந்தான்.

லைன் செத்தது.

கதவு திறக்கவேண்டும். யார் பேரிலாவது திறக்கவேண்டும். பெயர் கேட்ட பக்கத்துக்கு ஓடினான். அந்தப் பெட்டியும் இந்த விக்கியும் ஒரே பதிவைத்தான் பார்க்கின்றன, நிர்வாகி என்று ஒருவர் உள்ளே இருந்தால் பூட்டு அவர் சொன்னபடி கேட்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. இளங்கோ என்று போட்டான். அவர் வெளியே இருக்கிறார். மாதவன் என்று போட்டான். அப்படி யாரும் இல்லை. முருகவேல். ஜெயபாரதி. தேவிப்பிரியா. இவர் உள்ளே இல்லை. இவர் உள்ளே இல்லை. இவர் உள்ளே இல்லை. மூளை நின்றுவிட்டது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலெல்லாம், பேங்கிலும் போனிலும் மெயிலிலும், விரல்கள் தாமாகவே அடித்துப் பழகிய ஒரு பெயர் உண்டு. அவன் யோசிக்கவில்லை. விரல்கள் அடித்தன.

தன்ஷிகா.

மத்தியானத்திலிருந்து ஓடாத இன்ஸ்டால், சரசரவென்று ஓடியது. பச்சை. பச்சை. பச்சை. விக்கி வெற்றிகரமாக நிறுவப்பட்டது. நிர்வாகி தன்ஷிகா. நிலை, உள்ளே வரவேண்டியவர்.

கதவுப் பெட்டி பேசியது. அதுவரை அது தேங்க் யூ தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அதே பெண்குரல், அதே இதம்.

"விரல் வைக்கவும்."

என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. அழிக்க ஓடினான். கட்டளையை அடித்தான். நிர்வாகிக்கு மட்டுமே அனுமதி. மறுபடி அடித்தான். நிர்வாகிக்கு மட்டுமே அனுமதி. சர்வரின் ஒயரை எல்லாம் பிடுங்கினான். திரை அணையவில்லை.

வெளியே நடைச் சத்தம்.

கண்ணாடிக்கு ஓடினான். ஹாலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மெஷின்களுக்கு நடுவே அவன் வந்துகொண்டிருந்தான். இளங்கோவின் கட்டம் போட்ட சட்டை. இளங்கோவின் நடை. தலையில், புருவத்தில், காதுமடலில், தோள்களில், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த பொருளின்மேல் படிவதுபோலத் தடியாகப் பஞ்சு. அந்தக் கையில் பாப்பாவின் கை. அவள் வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

இளங்கோ கதவை அடித்தான். இரண்டு கைகளாலும் அடித்தான். சத்தமே வரவில்லை. அவள் கதவுக்கு நேரே வந்து நின்றாள். இவன் முகத்துக்குக் கீழே, ஒரு முழம் தள்ளி. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது கறுப்பு ஃபிலிம்தான்.

வெளியே நின்றவன் குனிந்தான். அவசரமில்லாமல் அவள் செருப்பின் வாரைக் கழற்றினான். ஒரு கால். மற்றொரு கால். சிவப்புச் செருப்பு இரண்டையும் இளங்கோவின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான். பிறகு அவளை இடுப்போடு தூக்கி, அவளுடைய சின்னக் கட்டைவிரலைப் பிடித்து, பெட்டியின்மேல் வைத்தான்.

"வேண்டாம்" என்றான் இளங்கோ. "சாமி, வேண்டாம். வேண்டாம்."

"தேங்க் யூ."

கடக். கடக்.

கதவு திறந்ததை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மனிதன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். தனியாக. கைகளை வீசிக்கொண்டு. தோளிலிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டிருந்தது. கேட்டுப் பக்கம் அப்புசாமியின் குரல், ஒரு பைக் கிளம்பும் சத்தம், பிறகு எதுவுமில்லை. வாசலில் பெரிய செருப்பும் சின்னச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

திரையைப் பார்த்தான். தன்ஷிகா, உள்ளே.

"பாப்பா" என்றான்.

அறையில் யாரும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தான். ரேக்குக்குப் பின்னால் பார்த்தான். யுபிஎஸ் பேட்டரிகளை இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தான். நாலு சுவர், ஒரு மேசை, உடைந்த நாற்காலி. ஒயரைப் பிடுங்கியும் நிற்காத மின்விசிறிகளின் இரைச்சலுக்குள், மிக அருகில், எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாமல், அப்பா என்று ஒரு குரல் கேட்டது. அழவில்லை. கேட்டது, அவ்வளவுதான். இருட்டில் எழுந்த குழந்தை பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

"இங்கதான் இருக்கேன் கண்ணு. அப்பா இங்கதான் இருக்கேன்."

அப்பா, என்றது மறுபடியும். அவன் சொன்னது அதற்குக் கேட்கவில்லை.

அவன் முழங்காலிட்டான். இரண்டு கைகளையும் நீட்டினான். தரையிலிருந்து ஒரு நாலு வயதுக் குழந்தையின் தலை இருக்கவேண்டிய உயரத்தில், மூலை மூலையாக, சுவரிலிருந்து சுவர்வரை, வெறும் காற்றைத் தடவிக்கொண்டே போனான்.